இரும்பு வேலிக்குள் எலக்ட்ரான் அலைகள்

பழுதில்லாத உலோகப் படிகம் பாடநூலில் மட்டுமே உண்டு. செம்புப் படிகம் ஒன்றைக் கவனமாக அறுத்து, மெருகேற்றி, வெற்றிடத்தில் ஆர்கான் அயனிகளால் அடித்துச் சுத்தமாக்கி, சூடேற்றி ஆறவைத்தாலும் அதன் முகம் ஒரே சமதளமாக அமைவதில்லை. அறுக்கும் கோணத்தில் ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு பிசகினால் போதும். செம்பின் (111) முகத்தில் ஏறத்தாழ 120 நானோமீட்டருக்கு ஒரு படி வந்துவிடும். படியின் உயரம் ஓர் அணு அடுக்குதான், 2.08 ஆங்ஸ்ட்ராம். (111) என்பது பழக்கடையில் ஆரஞ்சுகளை அடுக்குவதுபோல அணுக்கள் மிக நெருக்கமாக அமர்ந்திருக்கும் முகம். படிகளுக்கு இடையே உள்ள தளங்களிலும் அமைதி இல்லை. ஓரிடத்தில் ஓர் அணு இல்லாமல் காலியாக இருக்கும். இன்னோரிடத்தில் உள்ளிருந்து மேலேறி வந்த கந்தக அணு உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட அணுக்களும் உண்டு.

மேற்பரப்பு இயற்பியலாளர்கள் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை இந்தக் குறைகளை ஒழிப்பதில் செலவிட்டார்கள். அளவீட்டைக் கெடுப்பவை என்பதைத் தாண்டி அவற்றுக்கு மதிப்பில்லை. ஆனால் உலோகத்தின் முகத்தில் ஓடும் எலக்ட்ரான் அலையை மனிதர் படமாகப் பார்த்தது ஒரு குறையின் அருகில்தான். குறையே இல்லாத தளத்தில் அந்த அலை எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். பார்ப்பதற்கு எதுவும் இருக்காது. ஓடும் தண்ணீரில் ஒரு கல் தடுக்கும்போதுதான் ஓட்டத்தின் வடிவம் தெரிகிறது.

அந்த அலை எங்கிருந்து வருகிறது என்பதற்குக் கதையைச் சற்றுப் பின்னால் எடுக்க வேண்டும். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் அலைகளாகப் பரவுகின்றன. அணுக்களின் ஒழுங்கான வரிசை சில ஆற்றல்களை அவற்றுக்கு மறுத்துவிடுகிறது. இவையே ஆற்றல் இடைவெளிகள். முடிவில்லாத படிகத்தை வைத்துப் போட்ட இந்தக் கணக்கு, படிகம் முடியும் இடத்தில் என்ன ஆகும் என்ற கேள்வியை 1932-இல் சோவியத் இயற்பியலாளர் இகோர் தாம் எழுப்பினார். உள்ளே தடைசெய்யப்பட்ட ஓர் ஆற்றலில், விளிம்போடு மட்டும் ஒட்டிக்கொண்டு ஓர் எலக்ட்ரான் வாழ முடியும் என்று அவர் ஒற்றைப் பரிமாண மாதிரியில் காட்டினார். 1939-இல் வில்லியம் ஷாக்லி வேறொரு வழியில் இதே வகை நிலைகளை வருவித்தார். டிரான்சிஸ்டர் அவரோடு இணைத்துப் பேசப்படுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய வேலை அது. செம்பு, வெள்ளி, தங்கம் மூன்றின் (111) முகங்களில் உள்ளவை ஷாக்லி வகை மேற்பரப்பு நிலைகள் என்றே இன்றும் அழைக்கப்படுகின்றன.

செம்பு ஏன் இதற்கு வாகாக அமைந்தது? பிரையன் பிப்பர்ட் 1957-இல் செம்பின் ஃபெர்மிப் பரப்பை, அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளின் எல்லையை, அளந்தபோது அது முழுக் கோளமாக இல்லை. எட்டுத் திசைகளில் கழுத்துகள் நீண்டிருந்தன. அந்த எட்டும் (111) திசைகள். அந்தத் திசையில், அவ்வெல்லையின் ஆற்றலான ஃபெர்மி மட்டத்தைச் சுற்றி ஓர் ஆற்றல் இடைவெளி இருக்கிறது என்பது அதன் பொருள். ஆகவே (111) முகத்தில் நிற்கும் ஓர் எலக்ட்ரானுக்கு உள்ளே போக வழியில்லை, ஆற்றல் இடைவெளி தடுக்கிறது. வெளியே போகவும் வழியில்லை. உலோகத்தை விட்டு வெளியேற ஏறக்குறைய 5 எலக்ட்ரான் வோல்ட் தேவை. மேலும் கீழும் அடைபட்ட அந்த எலக்ட்ரான் பக்கவாட்டில் மட்டும் தாராளமாக ஓடுகிறது. முப்பரிமாண உலோகத்தின் மேல் இருபரிமாண எலக்ட்ரான் படலம் ஒன்று இப்படி அமைகிறது. செம்பில் அதன் அடிமட்டம் ஃபெர்மி மட்டத்துக்கு 0.44 எலக்ட்ரான் வோல்ட் கீழே இருக்கிறது. அந்த எலக்ட்ரான்கள் தங்கள் நிறை சாதாரண நிறையில் 0.38 பங்குதான் என்பதுபோல் நடந்துகொள்கின்றன; இதுவே பயனுறு நிறை. இவ்விரு எண்களிலிருந்து ஃபெர்மி மட்டத்தில் அலைநீளத்தைக் கணக்கிட்டால் 30 ஆங்ஸ்ட்ராம் வருகிறது. அண்டை அணுக்களுக்கு இடையே உள்ள தூரத்தைப்போல் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. உலோகத்தின் உட்பகுதியில் அதே ஃபெர்மி மட்டத்தில் அலைநீளம் 4.6 ஆங்ஸ்ட்ராம்தான். பின்னால் வரப்போகும் கதை முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

மேற்பரப்பு நிலைகள் உண்மையில் இருக்கின்றன என்பதை ஒளி உமிழ்வுச் சோதனைகள் உறுதிசெய்தன. ஒளியால் எலக்ட்ரானைத் தட்டி வெளியேற்றி, அதன் ஆற்றலையும் திசையையும் அளக்கும் முறை இது. 1972-இல் டங்ஸ்டனிலும், 1975-இல் நார்வேயின் கார்ட்லாண்ட், ஸ்லாக்ஸ்வால்ட் ஆகியோரால் செம்பின் (111) முகத்திலும் அவை பிடிபட்டன. ஆனால் இந்த முறை ஒரு பெரிய பரப்பின் சராசரியைத்தான் தரும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு முகத்தில் பதினேழு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட அணுக்கள் இருக்கின்றன. அதில் ஒரு படியோ ஒரு மாசு அணுவோ எலக்ட்ரானை என்ன செய்கிறது என்பது ஊர் மொத்தத்தின் சராசரி வருமானத்தில் ஒரு வீட்டின் கணக்கைப்போல் காணாமல் போய்விடும்.

ஒரு குறை எலக்ட்ரானை என்ன செய்யும் என்பதைக் கோட்பாட்டில் முதலில் விடுவித்தவர் பிரான்சின் ஜாக் ஃப்ரீடல். 1952-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்டது உலோகத்தின் உட்பகுதி. செம்புக்குள் ஒரு துத்தநாக அணுவை வைப்பது போன்ற நிலை. மாசு அணுவின் மிகை மின்னூட்டத்தை மறைக்க எலக்ட்ரான்கள் சுற்றிலும் கூடுகின்றன. ஆனால் அந்தக் கூட்டம் மெல்லக் கரைந்து முடிந்துவிடுவதில்லை. கூடுவதும் குறைவதுமாக, குளத்தில் கல் விழுந்ததுபோல் வளையங்களாக வெளியே பரவுகிறது. காரணம் எளிது: மாசை நோக்கி வரும் அலையும் அதில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றோடொன்று கலந்து நிலை அலையாகின்றன. இரண்டும் எதிரெதிராகச் செல்வதால் அடர்த்தியின் ஏற்ற இறக்கம் அலைநீளத்தில் பாதிக்கு ஒருமுறை வரும். இதற்கு ஃப்ரீடல் அலைவு என்று பெயர். 1960-இல் அணுக்கரு காந்த ஒத்ததிர்வு அளவீடுகள் செம்புக் கலவைகளில் இதற்கு மறைமுகச் சான்று தந்தன. நேரில் பார்ப்பது அப்போது கனவு. உட்பகுதியில் வளைய இடைவெளி 2.3 ஆங்ஸ்ட்ராம், ஏறத்தாழ ஓர் அணுவின் அளவு. அதோடு தூரத்தின் முப்படிக்கு ஏற்ப வேகமாகத் தேய்ந்தும் விடுகிறது. மேற்பரப்பு நிலையில் அதே இடைவெளி 15 ஆங்ஸ்ட்ராம், தேய்வும் மிக மெதுவானது. பார்க்கத் தகுந்த இடம் மேற்பரப்புதான்.

பார்க்கும் கருவி 1981-இல் சூரிச் அருகே ரூஷ்லிகோனில், ஐ.பி.எம். ஆய்வகத்தில் பிறந்தது. அது கெர்டு பின்னிக், ஹைன்ரிக் ரோரர் உருவாக்கிய ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கி. இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். அதன் ஊசி அணுவைத் தொடுவதில்லை. தான் நிற்கும் இடத்தில் எத்தனை எலக்ட்ரான் நிலைகள் கிடைக்கின்றன என்பதைத்தான் மின்னோட்டமாகப் படிக்கிறது. ஊசிக்கும் பரப்புக்கும் இடையே ஓர் ஆங்ஸ்ட்ராம் கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். மின்னழுத்தத்தை மாற்றினால் வேறொரு ஆற்றலில் உள்ள எலக்ட்ரான்களைத் தனியாகக் கேட்க முடியும். இடமும் ஆற்றலும் ஒருசேரக் கிடைப்பது இந்தக் கருவியின் தனிச் சிறப்பு.

முதல் தடயம் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஃபோர்டு கார் நிறுவன ஆய்வகத்தைச் சேர்ந்த டேவிஸ், எவர்சன், ஜாக்லெவிக் ஆகியோர் ஷென் என்பவரோடு சேர்ந்து 1991-இல் தங்கத்தின் (111) முகத்தை ஆராய்ந்தார்கள். படி விளிம்பை நெருங்கும்போது மேற்பரப்பு நிலையின் அடையாளம் மாறுவதைக் கண்டார்கள். படியை எலக்ட்ரானுக்கு எதிரே நிற்கும் சுவராகக் கொண்டு கணக்கிட்டும் காட்டினார்கள். பின்னால் வந்த படங்களின் பளபளப்பில் இந்த வேலை மறைந்துபோனது கொஞ்சம் அநியாயம்தான்.

அந்தப் படங்கள் கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரின் ஐ.பி.எம். அல்மேடன் ஆய்வகத்தில் எடுக்கப்பட்டன. அங்கே டொனால்ட் ஐக்லர் 4 கெல்வினில், அதாவது திரவ ஹீலியத்தின் குளிரில் இயங்கும் நுண்ணோக்கி ஒன்றை அமைத்திருந்தார். 1989 நவம்பரில் நிக்கல் பரப்பின்மேல் 35 செனான் அணுக்களை நகர்த்தித் தம் நிறுவனத்தின் பெயரை எழுதியவர் அவரே. அந்தக் குளிருக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒட்டிய அணுக்கள் அந்த வெப்பநிலையில் இடம் பெயராமல் உறைந்து நிற்கும். இன்னொன்று, அறை வெப்பத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் 90 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் கலங்கித் தெரியும். 4 கெல்வினில் அந்தக் கலக்கம் ஒன்றேகால் மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு.

மைக்கேல் குரோமி, கிறிஸ்டோபர் லட்ஸ், ஐக்லர் மூவரும் செம்பின் (111) முகத்தை இக்குளிரில் பார்த்தபோது, படி விளிம்புகளை ஒட்டி வரிவரியாக மேடுகளும் பள்ளங்களும் தெரிந்தன. தனியாக நிற்கும் குறைகளைச் சுற்றி அவை வட்ட வளையங்களாக இருந்தன. உயரம் ஓர் ஆங்ஸ்ட்ராமில் சில நூறில் ஒரு பங்குதான்; வரிகளின் இடைவெளி 15 ஆங்ஸ்ட்ராம். 1993 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் இது வெளிவந்தது. சில வாரங்கள் கழித்து, நியூயார்க் அருகே யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள அதே நிறுவனத்தின் வேறோர் ஆய்வகத்திலிருந்து ஹசேகவா, அவூரிஸ் இருவரும் தங்கத்தின் படிகளருகே இதே நிலை அலைகளை அறை வெப்பநிலையிலேயே கண்டதாக எழுதினார்கள்.

வரிகள் அழகாக இருந்தன என்பது ஒரு பக்கம். அவற்றை எண்ணாக மாற்ற முடிந்ததுதான் உண்மையான லாபம். மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே போனால் வரிகளின் இடைவெளியும் மாறுகிறது. ஆற்றல் கூடக் கூட வரிகள் நெருங்குகின்றன. ஒவ்வோர் ஆற்றலுக்கும் அலைநீளம் என்ன என்று குறித்து வரைந்தால் ஒரு பரவளைவு கிடைக்கிறது. அதன் அடிமட்டமும் பயனுறு நிறையும் ஒளி உமிழ்வுக்காரர்கள் சொன்ன எண்களோடு நெருங்கிப் பொருந்தின. ஒரே ஒரு படி விளிம்பின் ஓரத்தில் அமர்ந்து, ஒரு படிகத்தின் எலக்ட்ரான் கட்டமைப்பை அளந்துவிடலாம் என்று ஆயிற்று.

வரிகள் விளிம்பை விட்டு விலகும்போது ஏன் மங்குகின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. இது குளிர் போதாததால் மட்டும் வருவதன்று. ஒரே ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் படியை எல்லாக் கோணங்களிலும் வந்து மோதுகின்றன. நேராக மோதித் திரும்புபவை 15 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி தருகின்றன. சாய்ந்து மோதுபவை அதைவிட அகலமான இடைவெளி தருகின்றன. விளிம்பருகே எல்லாம் ஒத்துப்போகும். தூரம் கூடக் கூட ஒன்றின் மேட்டில் இன்னொன்றின் பள்ளம் விழுந்து கலைந்துவிடும். மிச்சம் நிற்பது நேராக மோதியவற்றின் பங்கு மட்டுமே. தனி அணுவைச் சுற்றியுள்ள வளையங்கள் இன்னும் வேகமாக மங்குகின்றன, சிதறிய அலை எல்லாத் திசையிலும் விரிவதால்.

சிதறல் புரிந்த பிறகு அடுத்த எண்ணம் இயல்பாகவே வந்தது. ஓர் அணு எலக்ட்ரானைத் திருப்பி அனுப்புமானால், அணுக்களைச் சுற்றி வரிசையாக நிறுத்தி எலக்ட்ரானை உள்ளேயே அடைக்க முடியாதா? அல்மேடன் குழு இரும்பு அணுக்களைச் செம்பின்மேல் தூவி, ஊசியால் ஒவ்வொன்றாக இழுத்து வந்தது. ஊசியை அணுவுக்கு மிக அருகே இறக்கினால் இரண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய ஈர்ப்பு உண்டாகும். அந்த ஈர்ப்பைப் பிடித்துக்கொண்டு ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அணு பின்னாலேயே வழுக்கி வரும். வேண்டிய இடத்தில் ஊசியை மேலே தூக்கிவிட்டால் அணு அங்கேயே நிற்கும். இப்படி 48 இரும்பு அணுக்கள் 71.3 ஆங்ஸ்ட்ராம் ஆரமுள்ள வட்டத்தில் நிறுத்தப்பட்டன. 1993 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழ் அதை வெளியிட்டது. அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் குதிரையையும் மாட்டையும் அடைக்கும் வளைந்த வேலியின் பெயரையே குழு அதற்குச் சூட்டியது. தமிழில் அதைக் குவாண்டம் பட்டி என்று சொல்லலாம்.

வேலியின் கம்பங்கள் நெருக்கமானவை அல்ல. அடுத்தடுத்த இரும்பு அணுக்களுக்கு இடையே 9 ஆங்ஸ்ட்ராமுக்கும் கூடுதலான வெளி இருக்கிறது. நடுவில் செம்பு அணுக்கள் மூன்று நான்கு அடங்கும். அப்படியிருந்தும் அது சுவராக வேலை செய்தது, ஏனென்றால் எலக்ட்ரானின் அலைநீளம் அந்த இடுக்கைவிட மூன்று மடங்கு பெரியது. கிடை போடும்போது ஆட்டைச் சுற்றிக் கட்டும் வலையின் கண் எவ்வளவு பெரிதானாலும் ஆட்டைவிடச் சிறிதாக இருந்தால் போதும் என்பதைப் போன்றது இது. உலோகத்தின் உட்பகுதி அலையான 4.6 ஆங்ஸ்ட்ராமுக்கு இதே வேலி வெறும் கம்ப வரிசையாகத்தான் இருந்திருக்கும்.

வட்டத்துக்குள் நடுவில் ஒரு மேடும் அதைச் சுற்றி ஒன்றையொன்று சூழ்ந்த வளையங்களும் தெரிந்தன. குவாண்டம் இயக்கவியல் பாடநூலில் வரும் ‘வட்டப் பெட்டிக்குள் துகள்’ என்ற கணக்கின் விடை அது. அந்த விடையில் வருபவை பெசல் சார்புகள். அதிரும் வட்டத் தோலுக்கும் அதே சார்புகள்தான். சாதாரண வட்டத் தோலின் அதிர்வெண்கள் முழு எண் விகிதத்தில் அமைவதில்லை. மிருதங்கத்தின் கரணை அந்தக் குறையை ஈடுசெய்து சுருதியோடு இசையும் மேற்சுரங்களைத் தருகிறது என்பதை சி. வி. ராமன் சிவகாளி குமாருடன் 1920-இல் எடுத்துக்காட்டினார். இரும்பு வேலிக்குள் கரணை இல்லை. ஆகவே ஆற்றல் மட்டங்கள் கரணையில்லாத தோலைப்போலவே தாறுமாறாக விலகியுள்ளன. சுவர் முழுமையானது என்று வைத்துக் கணக்கிட்டால் மையச் சமச்சீர் கொண்ட மட்டங்கள் அடிமட்டத்திலிருந்து 11, 60, 148, 274, 440 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் வருகின்றன. ஐந்தாவது, ஃபெர்மி மட்டத்தின் மேலேயே வந்து விழுகிறது. படத்தில் தெரிந்தது பெரும்பாலும் அந்த ஐந்தாவது மட்டம். அதோடு வேறு இரு மட்டங்களின் கலப்பும் உண்டு. வட்டத்தின் நடுவில் ஊசியை நிறுத்தி ஆற்றலை மாற்றியபோது இந்த மட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி மேடுகளாக எழுந்து நின்றன.

ஆனால் அந்த மேடுகள் கூர்மையாக இல்லை, அகன்றிருந்தன. பட்டி என்ற பெயர் எழுப்பும் நம்பிக்கைக்கு இந்த வேலி தகுதியானதல்ல. மட்டத்தின் அகலம் என்பது எலக்ட்ரான் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதன் அளவு. அகலம் கூடினால் தங்கும் நேரம் குறைவு. எலக்ட்ரான் எப்படித் தப்புகிறது என்பதை 1994-இல் எரிக் ஹெல்லர் அல்மேடன் குழுவோடு சேர்ந்து ஆராய்ந்தார். 76 இரும்பு அணுக்களால் ஓட்டப்பந்தய மைதான வடிவில் ஒரு வேலி கட்டப்பட்டது. அப்படிப்பட்ட மைதானத்தில் உருளும் பந்தின் பாதை ஒழுங்கற்றது. ஆகவே குவாண்டம் குழப்பத்தின் அடையாளம் தெரியும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. அது நிறைவேறவில்லை. சுவரில் மோதும் அலையில் சுமார் கால்பங்கு திரும்புகிறது, கால்பங்கு இடுக்கு வழியாக வெளியேறுகிறது, பாதி மேற்பரப்பையே விட்டுச் செம்பின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. ஒவ்வோர் இரும்பு அணுவையும் அலையை விழுங்கும் கரும்புள்ளியாகக் கொண்டால்தான் கணக்கு படத்தோடு பொருந்தியது. குழப்பம் தலைகாட்டப் பலமுறை மோதித் திரும்ப வேண்டும். எலக்ட்ரானோ சில மோதல்களிலேயே காணாமல் போய்விடுகிறது. அதே ஆண்டு கிராம்பின், பூன், இங்கிள்ஸ்ஃபீல்ட் மூவரும் உட்பகுதி நிலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டு இந்தக் கசிவை அடிப்படையிலிருந்து விளக்கினார்கள். ஆற்றல் இடைவெளி காவலாக இருப்பது ஒழுங்கான பரப்பில் மட்டும்தான். ஒரு குறை ஒழுங்கைக் குலைத்தவுடன், அதுவரை மூடியிருந்த கீழ்க்கதவும் திறந்துகொள்கிறது. எலக்ட்ரானைத் திருப்பி அனுப்பும் அணுவேதான் அதைக் கீழே இறக்கிவிடும் ஓட்டையாகவும் இருக்கிறது.

அணுக்களை நகர்த்தாமலும் அடைக்க முடியும். இயல்பாக அமைந்த இரண்டு இணையான படிகளுக்கு இடையே, அல்லது ஓரடுக்கு உயரத் தீவுகளின் மேல் எலக்ட்ரான் அடைபடுகிறது. அவூரிஸும் லியோவும் 1994-இல் அறை வெப்பநிலையிலேயே இதைக் காட்டினார்கள். 1998-இல் வெள்ளியின் (111) முகத்தில் அமைந்த அறுகோணத் தீவுகளை லீ, ஷ்னைடர், பெர்ண்ட், கிராம்பின் ஆகியோர் அளந்து, மட்டங்களைக் கணக்கோடு துல்லியமாகப் பொருத்தினார்கள். வெள்ளியில் மேற்பரப்பு நிலையின் அடிமட்டம் ஃபெர்மி மட்டத்துக்கு 0.065 எலக்ட்ரான் வோல்ட்தான் கீழே. அலை அங்கே 75 ஆங்ஸ்ட்ராம் வரை நீள்கிறது. லோசானில் கெர்ன் குழு அதே ஆண்டு இணையான படிகளை எதிரெதிர்க் கண்ணாடிகளாக வைத்து, ஒளியியலின் ஃபேப்ரி–பெரோ அமைப்பை எலக்ட்ரானுக்குக் கட்டியது. எவ்வளவு பங்கு திரும்புகிறது, எவ்வளவு தூரம் அலை தன் ஒழுங்கைக் காக்கிறது என்பவற்றை இவ்வகைச் சோதனைகள் எண்களாகத் தந்தன.

இதிலிருந்து ஒரு பழைய வழக்கும் தீர்ந்தது. மேற்பரப்பு எலக்ட்ரானின் ஆயுளை ஒளி உமிழ்வு அளவீடுகள் கோட்பாட்டைவிட மிகக் குறைவாகக் காட்டிவந்தன. கோட்பாடு தவறா, அளவீடு தவறா என்பது புலப்படவில்லை. 2000-இல் கிளீவர் உள்ளிட்ட குழு, நுண்ணோக்கியால் குறையே இல்லாத ஒரு சிறு தளத்தைத் தேடிப்பிடித்து, அதன் நடுவில் ஊசியை நிறுத்தி அளந்தது. மட்டத்தின் அகலம் வெள்ளியில் 6, தங்கத்தில் 18, செம்பில் 24 மில்லி எலக்ட்ரான் வோல்ட். கோட்பாட்டுக் கணக்கும் அதையே சொன்னது. வெள்ளியில் எலக்ட்ரானின் ஆயுள் நூறு ஃபெம்டோ விநாடிக்குச் சற்று மேல். பழைய அளவீடுகளில் கூடுதலாகத் தெரிந்த அகலம் ஒளிக்கற்றைக்குள் அகப்பட்ட எண்ணற்ற படிகளும் மாசுகளும் சேர்த்தது.

ஃப்ரீடல் வளையங்களுக்கு இன்னொரு விளைவும் உண்டு. ஓர் அணுவின் வளையத்துக்குள் இன்னோர் அணு வந்தால், மேடா பள்ளமா என்பதைப் பொறுத்து அது ஈர்க்கப்படும் அல்லது விலக்கப்படும். மேற்பரப்பு நிலை வழியாக இப்படி ஒரு நெடுந்தூர விசை வர வேண்டும் என்று லாவும் வால்டர் கோனும் 1978-இல் கணித்திருந்தார்கள். செம்பின்மேல் ஊர்ந்த செம்பு அணுக்களை ஆயிரக்கணக்கில் பின்தொடர்ந்து 2000-இல் ரெப் குழு அதை அளந்தது. ஆற்றல் மிகச் சிறியது, மில்லி எலக்ட்ரான் வோல்ட் கணக்கில் வருவது. ஆனால் குளிரில் அதுவே போதும். 2004-இல் ஷ்னைடரின் லோசான் குழு வெள்ளிமேல் சீரியம் அணுக்களைத் தூவியபோது, யாரும் நகர்த்தாமல் அவை 3.2 நானோமீட்டர் இடைவெளியில் அறுகோண வரிசையாகத் தாமே அமர்ந்தன.

ஐ.பி.எம். வேலிகளில் மக்கள் மனத்தில் நின்றது 2000 பிப்ரவரியில் வெளியான நீள்வட்டம். ஹரி மனோகரன், லட்ஸ், ஐக்லர் மூவரும் கோபால்ட் அணுக்களால் நீள்வட்ட வேலி கட்டினார்கள். நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள். ஒன்றிலிருந்து புறப்படும் எந்தக் கதிரும் சுவரில் பட்டு மற்றொன்றைச் சேரும். காந்தத்தன்மையுள்ள ஒரு கோபால்ட் அணுவைச் செம்பு எலக்ட்ரான்கள் சூழ்ந்து அதன் காந்தத்தை மறைக்கின்றன. கோண்டோ விளைவு எனப்படும் இது, ஃபெர்மி மட்டத்தில் ஒரு தனி அடையாளத்தை விட்டுச்செல்கிறது. கோபால்ட் அணுவை ஒரு குவியத்தில் வைத்தபோது, எதுவுமே இல்லாத மற்றொரு குவியத்திலும் அந்த அடையாளம் தெரிந்தது, மூன்றில் ஒரு பங்கு வலிமையோடு. அணுவைக் குவியத்திலிருந்து தள்ளி வைத்தால் அந்த நிழல் மறைந்தது. குவாண்டம் கானல் என்று இதற்குப் பெயர். நீள்வட்டத்தின் வடிவியலால் மட்டும் இது நடக்கவில்லை. ஃபெர்மி மட்டத்தில் அமைந்த ஒரு குறிப்பிட்ட நிலை இரு குவியங்களிலும் உயர்ந்து நிற்பதால்தான் நடந்தது.

பின்னர் ஸ்டான்ஃபோர்டுக்குச் சென்ற மனோகரன் இரும்பையும் கோபால்ட்டையும் விட்டு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளுக்கு மாறினார். செம்பின்மேல் நிமிர்ந்து அமரும் அவை எலக்ட்ரானை விலக்கித் தள்ளுகின்றன. எண்ணற்ற முறை நகர்த்தினாலும் ஒழுங்காக நிற்கின்றன. ஒரே சுரம் தரும் இரு வேறு வடிவப் பறைகள் இருக்க முடியுமா என்று மார்க் காட்ஸ் 1966-இல் கேட்ட கேள்விக்கு, முடியும் என்று கணிதர்கள் 1992-இல் விடை சொல்லியிருந்தார்கள். 2008-இல் மனோகரன் குழு அத்தகைய இரு வடிவங்களை மூலக்கூறு வேலிகளாகக் கட்டி, இரண்டும் ஒரே ஆற்றல் மட்டங்களைத் தருவதைக் காட்டியது. 2012-இல் மூலக்கூறுகளை முக்கோண வரிசையில் நிறுத்தி, நடுவே மிஞ்சிய வழிகளில் எலக்ட்ரான்களைத் தேன்கூட்டு வடிவில் ஓடவிட்டது. செம்பின் எலக்ட்ரான்கள் கிராஃபீனின் எலக்ட்ரான்களைப்போல், நிறையற்றவைபோல் நடந்துகொண்டன. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் இதே முறையில், தன் வடிவத்தையே தனக்குள் திரும்பத் திரும்பக் கொண்ட சியர்பின்ஸ்கி முக்கோணம் கட்டப்பட்டு 2019-இல் வெளிவந்தது. அங்கே எலக்ட்ரான் வாழ்ந்த வெளியின் பரிமாணம் 1.58.

சிதறலைப் படித்தறியும் கலையும் வளர்ந்தது. ஒரு குறையைச் சுற்றியுள்ள வளையங்களைத் தனித்தனியே அளப்பதற்குப் பதிலாக, படம் முழுவதையும் ஃபூரியே முறையில் அலைகளாகப் பிரித்தால் எந்த அலை எந்த அலையாகச் சிதறியது என்பது ஒரே வரைபடமாகக் கிடைக்கிறது. 1998-இல் பீட்டர்சன் குழு செம்பிலும் தங்கத்திலும் இவ்வாறு ஃபெர்மி வட்டத்தை நேரடியாகவே வரைந்தது. 2009-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் குழு பிஸ்மத்–ஆன்டிமனிக் கலவையின் பரப்பை இதே முறையில் பார்த்தபோது, வர வேண்டிய சில சிதறல்கள் வரவில்லை. அங்கே எலக்ட்ரானின் ஸ்பின் அதன் திசையோடு பிணைந்திருப்பதால், குறையில் மோதி வந்த வழியே திரும்புவது அதற்குத் தடை.

முதல் வேலிக்கும் மறுபடி ஒரு முறை அழைப்பு வந்தது. ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் ஃப்ரான்ஸ் கீசிபிள் குழு, 1993-இல் கட்டியதைப் போன்றே 48 இரும்பு அணுக்களை வட்டமாக நிறுத்தி, இம்முறை மின்னோட்டத்துக்குப் பதிலாக விசையை அளந்தது. வேலிக்குள் 28 மட்டங்களில் 102 எலக்ட்ரான்கள் அடங்கியிருந்தன. வேலியை ஒரு செயற்கை அணுவாகக் கொண்டால், அது ஊசி முனையின் அணுவோடு பிணைப்பு உண்டாக்குமா என்பதே கேள்வி. உண்டாக்கியது, பிணைப்பு ஆற்றல் சுமார் 5 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அணுக்களைத் தனித்தனியே காட்டும் அளவீடுகளில் வழக்கமாக வரும் விசையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உலோக முனை ஈர்க்கப்பட்டது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய முனை விலக்கப்பட்டது. 24 அணுக்களால் சிறிய வேலி கட்டிப் பார்த்தபோது விசை அதற்கேற்ற விகிதத்தில் மாறியது. அந்த முடிவு 2021-இல் ‘சயின்ஸ்’ இதழிலேயே வெளியானது.